சர்க்கரையின் மேல் போடும் பழி

"சுகர்னா கால் அப்படித்தான் இருக்கும்." மார்த்தாண்டம் சந்தையில் மீன் வாங்க நிற்கும்போதும் இதைக் கேட்கலாம், குழித்துறை ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போதும் கேட்கலாம், கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்கலாம். கால் கடச்சலா, சுகர். உள்ளங்கால் எரிகிறதா, சுகர். ஏற்றம் ஏறினால் கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கிறதா, சுகர். பெருவிரல் கறுத்துவிட்டதா, சுகர். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களா, அதுவும் சுகர். நோயாளி சொல்கிறார், வீட்டார் தலையாட்டுகிறார்கள், மருந்துக்கடைக்காரர் ஒத்துக்கொள்கிறார். சில இடங்களில் மருத்துவரே அதைச் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார்.

இந்த எண்ணம் தவறு என்பது என் வாதம். நம் ஊரில் போகிற கால்களில் பல, சர்க்கரையால் போவதைவிட, 'சர்க்கரைதானே' என்று விட்டுவிடுவதால்தான் போகின்றன. பழியைச் சர்க்கரையின் மேல் போட்டுவிட்டால் யாரும் குனிந்து காலைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த வசதிதான் இந்தப் பேச்சை இத்தனை நாள் உயிரோடு வைத்திருக்கிறது.

இது ஒரு சிலரின் பிரச்சினையும் அல்ல. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வு, தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதத்தினருக்கும் கேரளத்தில் 25.5 சதவீதத்தினருக்கும் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்கிறது. மார்த்தாண்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். மரச்சீனியும் மீன் கறியும் ஏத்தன்காய் வறுவலும் எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. நமக்கு எந்தக் கணக்கு பொருந்தினாலும் எண்ணிக்கை சிறியதல்ல. இத்தனை பேரின் காலையும் ஒற்றை வார்த்தையில் தள்ளிவிடுவது எப்படி நியாயமாகும்?

முதலில் வலியையே எடுத்துக்கொள்வோம். அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். விடியும் முன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, ஏற்றமும் இறக்கமுமாக 300 மரங்களுக்கு மேல் நடந்து வெட்ட வேண்டும். முதல் 60 மரம் வரை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு கெண்டைக்கால் இறுகத் தொடங்குகிறது. அடுத்த மரத்தில் கையை ஊன்றி நிற்கிறார். மூன்று நாலு நிமிடத்தில் வலி விட்டுவிடுகிறது. மறுபடி நடக்கிறார், ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கிறது. சில மாதம் போனால் 60-ஆவது மரம் 40-ஆவது மரமாகிறது. இது காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைபடுவதன் வலி. சும்மா இருக்கும்போது தசைக்கு வேண்டிய ரத்தம் எப்படியோ வந்துவிடுகிறது. நடக்கும்போது பல மடங்கு வேண்டும், அப்போது வருவதில்லை. நின்றால் தேவை குறைகிறது, வலி போகிறது. முதுகெலும்பில் நரம்பு நெருக்கப்பட்டாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அந்த வலிக்கு நின்றால் மட்டும் போதாது, உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும்.

இன்னொருவர், பகலெல்லாம் வீட்டு வேலை பார்க்கிற ஒரு அம்மச்சி. நடந்தால் அவருக்கு வலி இல்லை. ராத்திரி படுத்தால்தான் ஆரம்பம். இரண்டு உள்ளங்காலும் எரிகின்றன, ஊசி குத்துகிறது, போர்வை பட்டால்கூடத் தாங்க முடியவில்லை. தொட்டுப் பார்த்தால் பாதம் சூடாகவே இருக்கிறது. இது நரம்பின் வலி. பல வருடச் சர்க்கரை, நரம்பின் நுனியிலிருந்து மேலே மேலே கெடுத்துக்கொண்டு வருவதால் வருவது.

இரண்டும் வேறு நோய்கள். முதலாமவருக்குத் தேவை ரத்த ஓட்டப் பரிசோதனை, பீடியை விடுவது, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, முறையான நடை. இரண்டாமவருக்குத் தேவை நரம்பு வலிக்கென்றே இருக்கிற மருந்து, நல்ல சர்க்கரைக் கட்டுப்பாடு, மரத்துப்போகிற பாதத்துக்குக் காவல். இரண்டு பேருக்கும் நடைமுறையில் கிடைப்பது என்ன? ஒரே பதில், ஒரே சத்து மாத்திரை. மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம், அது நரம்பையும் பாதிக்கும்; ரத்தத்தில் பார்த்துக் குறைந்திருந்தால் கொடுப்பது சரி. ஆனால் பால் வெட்டுகிறவரின் அடைபட்ட குழாயை எந்தச் சத்து மாத்திரையும் திறக்காது.

மூன்றாவது வலி ஒன்று உண்டு, அதுதான் மிகவும் பயப்பட வேண்டியது. படுத்தால் பாதமும் விரல்களும் வலிக்கும். கட்டிலிலிருந்து காலைக் கீழே தொங்கப் போட்டால் கொஞ்சம் குறையும். அதனால் அவர்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்குவார்கள். தொங்கப் போட்ட கால் செக்கச்செவேலென்று இருக்கும். அதைப் பார்த்து "ரத்தம் நல்லாத்தான் ஓடுது" என்று சொல்கிற வீடுகள் உண்டு. அதே காலை மேலே தூக்கிப் பிடித்தால் வெளிறிப்போகும். இதயம் தள்ளுகிற ரத்தம் பாதம் வரை வந்துசேர, பூமியின் இழுப்பும் துணைக்கு வேண்டியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். இந்த நிலையில் இருக்கிற கால், வாரக்கணக்கில் காத்திருக்க முடியாத கால். இதையும் 'சுகர் வலி' என்று சொல்லித் தைலம் வாங்கிக் கொடுக்கிறோம்.

இவற்றைப் பிரித்தறியக் கோடி ரூபாய் இயந்திரம் வேண்டாம். கால் பெருவிரலை மேலே தூக்கினால் பாதத்தின் மேல் ஒரு தசைநாண் கயிறாக எழும்பும். அதற்கு வெளிப்பக்கத்தில், பாதத்தின் நடுமேட்டில், இரண்டு விரல் நுனியை அழுத்தாமல் வைத்துச் சற்றுப் பொறுத்தால் துடிப்பு தெரியும். இன்னொரு துடிப்பு உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால், குழிந்த இடத்தில். சிலருக்கு மேலே உள்ள நாடி இயல்பாகவே தட்டுப்படாது. கணுக்காலுக்குப் பின்னாலும் இல்லையென்றால் மேற்கொண்டு பார்த்தே ஆகவேண்டும். கையில் ஒரு முறை, கணுக்காலில் ஒரு முறை ரத்த அழுத்தம் எடுத்து, இரண்டையும் வகுத்துப் பார்க்கிற சோதனைக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு. சர்க்கரை நோயாளிகளில் ஒரு சிக்கல் உண்டு. ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து அது விறைத்துப்போனால், பட்டை இறுக்கினாலும் அமுங்காது, அளவு 1.3-க்கு மேலே போய், எல்லாம் நன்றாக இருப்பதுபோல் காட்டும். அப்போது கால்விரலில் அழுத்தம் எடுக்க வேண்டும், டாப்ளர் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

நம் ஊர் கிளினிக்குகளில் நோயாளிகள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். ஷூவும் சாக்ஸும் கழற்ற நேரமாகும் என்று சொல்ல வழியே இல்லை. மருத்துவரின் மேசைக்குக் கீழே, ஒரு முழ தூரத்தில், இரண்டு வெறுங்கால்கள் இருக்கின்றன. மேசையின் மேலே சுகர் ரிப்போர்ட் இருக்கிறது. பார்வை ரிப்போர்ட்டிலேயே நின்றுவிடுகிறது. கூட்டம் அதிகம், நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு சாயங்காலத்தில் நூறு பேரைப் பார்க்கிற மருத்துவரின் சோர்வை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் நாடியைத் தொட்டுப் பார்க்க ஆகும் நேரம் ஒரு நிமிடம். அதை மருத்துவரே செய்ய வேண்டும் என்பதும் இல்லை, பயிற்சி பெற்ற செவிலியர் போதும்.

அடுத்தது எண்ணெய். இது வர்மக்கலையின் பூமி. சுளுக்கு, பிசகு, விழுந்து அடிபட்டது என்று ஆசான்களிடம் போய்க் குணமானவர்களின் தலைமுறைகள் இங்கே உண்டு; அந்த அறிவை இளக்காரமாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் சர்க்கரைக்காரரின் காலுக்கு எண்ணெய் போட்டுத் தடவினால் ரத்த ஓட்டம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை ஒத்துக்கொள்ள முடியாது. மடை அடைபட்டிருக்கும்போது வயலில் நின்று மண்ணைக் கொத்தினால் தண்ணீர் வராது. அடைப்பு இருப்பது பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, ஆழத்தில் ஓடுகிற தமனிகளில். தோலின் மேல் தேய்க்கிற கை அங்கே எட்டுவதில்லை. தடவுவதால் வருகிற இதமும் சூடும் உண்மைதான், அன்றைக்கு ராத்திரி தூக்கமும் வரும். அந்த இதம்தான் இரண்டு மாதத்தைத் தின்றுவிடுகிறது.

ஒத்தடம் இதைவிட மோசம். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சூடு எவ்வளவு என்று தெரியாது. ரத்தம் குறைந்த பாதத்தால் அந்தச் சூட்டை வெளியேற்றவும் முடியாது. வெந்நீரில் கால் வைத்தவர் எழுந்திருக்கும்போது கொப்புளத்தோடு எழுந்திருக்கிறார். இன்னொரு ஆபத்தும் உண்டு. சர்க்கரைக்காரரின் ஒரு பாதம் திடீரென்று வீங்கி, சிவந்து, மற்றதைவிடச் சூடாகி, ஆனால் பெரிய வலி இல்லாமல் இருந்தால், அது உள்ளே எலும்பும் மூட்டும் நொறுங்கிக்கொண்டிருக்கிற 'சார்கோ' பாதமாக இருக்கலாம். அதற்கு ஒரே வழி காலை ஊன்றாமல், மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைப்பது. 'நீர்க்கட்டு' என்று நினைத்து அந்தக் காலைத் தடவி, நீவி, நடக்கச் சொன்னால் பாதத்தின் வளைவே உடைந்து கவிழ்ந்துவிடும். எண்ணெய் போடுமுன் ஆசானும் பாதத்தைப் பார்த்து, நாடியைத் தொட்டு, சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டும். நாடி பிடித்துப் பழகிய விரல்கள் அவை. அவர்களால் முடியும்.

வலிக்கிற காலைப் பற்றி இவ்வளவு. வலிக்காத காலைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். எரிச்சலோடு வருடக்கணக்கில் அவதிப்பட்டவர் ஒருநாள் "இப்ப ஒண்ணும் இல்ல, சொகமாச்சு" என்கிறார். வீட்டார் சந்தோஷப்படுகிறார்கள். பெரும்பாலும் நடந்தது என்னவென்றால், எரிந்துகொண்டிருந்த நரம்பு செத்துவிட்டது. அடைப்புள்ள பலருக்கு நடக்கும்போது வலி வராததற்கும் இதுவே ஒரு காரணம். வலியைச் சொல்ல வேண்டிய நரம்பு வேலை செய்யவில்லை. வலி இல்லையென்றால் பிரச்சினை இல்லை என்ற நம்பிக்கையை உடைத்தது எங்கோ தூரத்து நாட்டு ஆய்வகம் அல்ல. நம் தமிழ்நாடுதான்.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் நடத்திவந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்த்தபின் அவருடைய வாழ்க்கை திரும்பியது. அன்றைக்கு எல்லாரும், மருத்துவர்களும் சேர்த்துத்தான், தொழுநோய் சதையைத் தின்கிறது, விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன, அந்த உடம்பில் புண் ஆறாது என்று நம்பினார்கள். பிராண்ட் உட்கார்ந்து கவனித்தார். துருப்பிடித்த பூட்டில் திரும்பாத சாவியை ஒரு சிறுவன் வெறும் விரலால் திருகித் திறந்தான். விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. ராத்திரியில் தூங்கும்போது விரல் காணாமல் போவதற்குக் காரணம் எலி கடிப்பது என்று கண்டுபிடித்தார்கள். பூனை வளர்க்கச் சொன்னார்கள். தொழுநோயாளிகளின் சதை மற்றவர்களின் சதையைப் போலத்தான் ஆறியது, காயத்தின் மேல் மறுபடி மறுபடி காயம் படாமல் காத்தால். நோய் எடுத்துக்கொண்டது வலியை மட்டும். மிச்சத்தை எடுத்தவை முள், நெருப்பு, எலி, ஊன்றி ஊன்றி நடந்த நடை.

  

1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற ஊரின் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்களைப் பார்த்தபோது, வேலூரில் பார்த்த அதே புண்கள் என்று அவருக்குப் புரிந்தது. அதே இடங்கள்: பெருவிரலின் அடி, முன்பாதத்தின் மேடு. அதே காரணம்: உணராமல் ஊன்றுவது. இன்றைக்கு உலகம் முழுக்கச் சர்க்கரை நோயாளிகளின் பாத உணர்ச்சியைச் சோதிக்கிற 10 கிராம் நைலான் இழையின் அளவு, அந்தக் கார்வில் மருத்துவமனையில் தொழுநோயாளிகளையும் சர்க்கரை நோயாளிகளையும் சோதித்து முடிவானது. மெல்லிய இழை ஒன்றைப் பாதத்தில் வைத்து அது வளையும்வரை அழுத்துவார்கள். கண்ணை மூடிக்கொண்டு 'இப்போது படுகிறது' என்று சொல்ல முடியாதவருக்குக் காவலான உணர்ச்சி போய்விட்டது.

ஆகவே "சுகர்காரனுக்குப் புண் ஆறாது" என்று சொல்கிறவர்கள், தொழுநோயில் பொய்யென்று நிரூபணமாகிக் கிட்டத்தட்ட 70 வருடமான ஒரு எண்ணத்தை, நோயின் பெயரை மட்டும் மாற்றித் திரும்பச் சொல்கிறார்கள். சர்க்கரை கூடியிருந்தால் புண் ஆறுவது தாமதமாகும், கிருமி சுலபமாகப் பரவும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆறாமலே நிற்கிற புண்ணுக்குப் பின்னால் அநேகமாக வேறொரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும். ரத்தம் வருகிறதா? எலும்பு வரை கிருமி போயிருக்கிறதா? அந்தப் புண்ணின் மேலேயே தினமும் நடக்கிறாரா? மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. தினமும் டிரெஸ்ஸிங் போட்டுக்கொள்ள நடந்தே போய், நடந்தே வருகிறவரின் உள்ளங்கால் புண் எப்படி ஆறும்? எடை படாமல் வைக்க மாவுக்கட்டு இருக்கிறது, தனிச் செருப்பு இருக்கிறது. நல்ல சிகிச்சை கொடுத்தும் 4 முதல் 6 வாரத்தில் ஆறாத புண் என்றால், சோதனைகள் என்ன சொன்னாலும் ரத்தக்குழாயைப் படம் எடுத்துப் பார்ப்பதை யோசிக்க வேண்டும் என்கின்றன சர்வதேச வழிகாட்டல்கள். நம்மிடம் ஆறு மாதமாகக் கட்டு மாற்றிக்கொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தியாவின் கணக்கு ஒன்று இங்கே முக்கியம். சென்னையில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் 6.3 சதவீதத்தினருக்குத்தான் கால் ரத்தக்குழாய் அடைப்பு காணப்பட்டது. மேலைநாடுகளோடு ஒப்பிட்டால் இது குறைவு. விறைத்த குழாய்கள் ஏ.பி.ஐ.யை ஏமாற்றியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டு எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தாலும் ஒரு விஷயம் தெளிவு. நம்மிடம் பாதப் புண்ணோடு வருகிற பலருக்கு ரத்தம் போதுமான அளவு வந்துகொண்டிருக்கிறது. மரத்துப்போன பாதத்தில் பட்ட காயம், அதில் ஏறிய கிருமி, கடந்துபோன நாட்கள், இவைதான் அவர்களின் காலை எடுக்கின்றன. சர்க்கரை நோயாளிகளில் நடக்கிற கால் அகற்றல்களில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒரு பாதப் புண்ணில் தொடங்கியவை என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. புண் வராமல் பார்த்துக்கொள்வதும், வந்த புண்ணை அன்றைக்கே கவனிப்பதும் நம் கையில் இருக்கிற வேலைகள்.

"வாயைக் கட்டல, அதான் காலு போச்சு" என்கிற பேச்சுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். சர்க்கரைக் கட்டுப்பாடு மிக முக்கியம். பிரிட்டனின் யு.கே.பி.டி.எஸ். ஆய்வில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஒரு சதவீதப் புள்ளி குறைந்திருந்தவர்களிடம், கால் அகற்றலோ ரத்தக்குழாய் அடைப்பால் மரணமோ 43 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. இதைவிடப் பலமான வாதம் வேறென்ன வேண்டும்? ஆனால் ஏற்கெனவே மரத்துப்போன பாதத்தோடு, காலில் புண்ணோடு எதிரில் நிற்கிறவரிடம் அவர் சாப்பிட்ட நேந்திரம்பழத்தின் கணக்கைக் கேட்பது வைத்தியம் ஆகாது. அது அவரைக் கூனிக்குறுக வைக்கிறது. திட்டு வாங்கப் பயந்து அடுத்த புண்ணை அவர் மறைக்கிறார், வீட்டுப் பெண்களிடம்கூடக் காட்டுவதில்லை. வாடை வந்தபிறகுதான் வெளியே தெரிகிறது. அதோடு இன்னொன்று: வாயைக் கட்டி, மாத்திரை தவறாமல் போட்டவர்களுக்கும் கால் புண் வருகிறது. இருபது வருடச் சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டவரிடம் 'நீ தவறு செய்தாய்' என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பீடியைப் பற்றி மட்டும் இவ்வளவு மென்மையாகப் பேசமாட்டேன். ரத்தக்குழாய் அடைப்பு தெரிந்தபிறகும் புகைப்பவரின் காலைக் காப்பாற்றுவது எந்த மருத்துவருக்கும் கடினம்.

அறுவை மருத்துவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். "எங்களிடம் வரும்போதே பாதம் அழுகியிருக்கிறது, காய்ச்சல் உச்சத்தில் இருக்கிறது, எடுக்காவிட்டால் உயிர் போகும்" என்கிறார்கள். உண்மை. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்ட காலை அன்றைக்கே எடுத்து உயிரைக் காப்பாற்றுகிறவர்களை நான் குறைசொல்லவில்லை. நான் கேட்பது மற்ற கால்களைப் பற்றி. கறுத்து, உலர்ந்து, நாலைந்து நாள் அவகாசம் இருக்கிற விரலை எடுக்குமுன் ரத்த ஓட்டம் பார்க்கப்பட்டதா? ரத்தம் வராத பாதத்தில் விரலை எடுத்தால், எடுத்த இடம் ஆறாது. அப்புறம் பாதி பாதம், அதுவும் ஆறாது, அப்புறம் முழங்காலுக்குக் கீழே. ஒவ்வொரு முறையும் குடும்பம் கேட்கிற விளக்கம், "சுகர், என்ன செய்ய." முதல் வெட்டுக்கு முன்னால் டாப்ளரும், தேவைப்பட்டால் ஆஞ்சியோகிராமும் எடுத்து, பலூன் வைத்தோ பைபாஸ் செய்தோ ரத்தத்தைக் கீழே இறக்கியிருந்தால் பலருக்கு விரலோடு முடிந்திருக்கும். ஒரு பக்கம் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, மறு பக்கம் திருவனந்தபுரம். மார்த்தாண்டத்துக்காரருக்கு இரண்டும் பஸ் ஏறிப் போகிற தூரம்தான். எடுக்கச் சொல்கிறவரிடம், "கால் ரத்தக்குழாய்க்கு டெஸ்ட் எடுத்தாச்சா, அதுக்கான டாக்டரைப் பார்த்தாச்சா" என்று கேட்பதற்கு எந்தக் குடும்பமும் தயங்க வேண்டியதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கூடவே எடுத்துப் போகவேண்டும்.

அடைப்பு உள்ள கால் ஓய்வில் இருக்க வேண்டும் என்கிற நம்பிக்கையும் தவறு. பாதத்தில் புண் இல்லாமல், நடந்தால் மட்டும் கெண்டைக்கால் பிடிக்கிறவருக்கு நடைதான் மருந்து. வலி நன்றாக வரும்வரை நடப்பது, நின்று போகவிடுவது, மறுபடி நடப்பது; அரை மணி முதல் முக்கால் மணி நேரம், வாரம் மூன்று நாள், குறைந்தது 12 வாரம். நடக்கிற தூரம் கூடுவதை அவரே பார்ப்பார். மருத்துவர் இதயத்தையும் பார்த்துச் சொன்ன பிறகு தொடங்க வேண்டும், ஏனென்றால் கால் குழாய் அடைபட்டவருக்கு இதயக் குழாயும் அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். கால் வலியை 'வயசு' என்று விட்டவர்களில் பலர் காலால் சாவதில்லை, மாரடைப்பால் சாகிறார்கள். பால் வெட்டுகிறவர் 60-ஆவது மரத்தில் நின்றது இதயத்துக்கும் சேர்த்து வந்த எச்சரிக்கை.

இனி செருப்பு. நாம் வெறுங்காலின் மக்கள். முற்றத்தில், அடுக்களையில், விளையில், கோயிலில், பள்ளியில், எல்லாம் வெறுங்கால். மகாசிவராத்திரிக்கு முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலோடு ஓடுகிற சிவாலய ஓட்டம் நம் விளவங்கோடு, கல்குளம் மண்ணின் பெருமை. அதில் ஓடுகிறவர்களின் பக்தியைத் தொட எனக்கு உரிமை இல்லை. ஆனால் பாதத்தில் உணர்ச்சி போனவர் மாசி மாதத் தார் ரோட்டில் நடந்தால், மற்றவர் சூடு பட்டு நிழலுக்கு ஓடுகிற இடத்தில் அவர் நின்று விசிறுவார். மறுநாள் உள்ளங்கால் தோல் மொத்தமாகக் கழன்று வரும். சபரிமலைக்குப் போகிறவருக்கும், பள்ளித் திருவிழாப் பவனியில் நடக்கிறவருக்கும் இதே ஆபத்து. குருசாமியும் போற்றியும் அச்சனும் போதகரும், "சுகர் உள்ளவங்க செருப்போட வரலாம், சாமி கோவிக்காது" என்று ஒரு வார்த்தை சொன்னால், எந்த மருத்துவமனையும் காப்பாற்ற முடியாத அளவு கால்களை அவர்கள் காப்பாற்றுவார்கள்.

பிராண்டும் அவருடன் இருந்தவர்களும், 1955-இல் தொடங்கிய காரிகிரி மருத்துவமனையும் வளர்த்தெடுத்த எம்.சி.ஆர். செருப்பு இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளுக்கும் அதேதான். நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர், அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர், பின்வார். விரலிடுக்கில் வார் வைத்த ஹவாய் செருப்பை உணர்ச்சி இல்லாதவர் போட்டால் அது எப்போது கழன்று விழுந்தது என்று அவருக்குத் தெரியாது, அந்த வாரே விரலிடுக்கை அறுக்கும். தமிழ்நாட்டின் ரப்பரில் பெரும்பங்கு விளைவது இந்த மாவட்டத்தில். இங்கே, ரப்பர் வெட்டுகிறவர்களின் காலுக்குச் சரியான ரப்பர் செருப்பு கிடைக்காமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. கால் ஆணியைப் பிளேடால் வெட்டிக்கொள்வதும், ஆணிக்கால் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வதும் உடனே நிற்க வேண்டும்; அந்தப் பிளாஸ்திரியில் இருப்பது தோலை அரிக்கிற அமிலம். ராத்திரி படுக்குமுன் பாதத்தின் அடியைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், கண் தெரியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். செருப்புப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவ வேண்டும்.

வீடுதேடி மாத்திரை வருகிற 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரிகளில் பாதப் பரிசோதனைக்கென்று 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டமும் இருக்கிறது. மாத்திரை கொண்டு வருகிறவரிடம் "எங்க காலையும் பாருங்க" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது, நமக்கு உரியதைக் கேட்பதுதான். பிரிட்டனில் பாதப் புண்ணோடு ஒரு சர்க்கரை நோயாளி வந்தால் அடுத்த வேலை நாளுக்குள் பாத மருத்துவக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று 2015-லிருந்து விதி இருக்கிறது. நம் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் தனியார் கிளினிக்குகளுக்கும் அப்படி ஒரு காலக்கெடு வேண்டும்.

ஏற்கெனவே ஒரு காலை இழந்தவர்களுக்கு இந்தப் பேச்சு செய்கிற கொடுமைதான் கடைசி. "ஒண்ணு போச்சு, மத்ததும் போகத்தான் செய்யும்" என்று வீட்டிலேயே சொல்கிறார்கள். ஊன்றுகோலோடு, முழு எடையையும் ஒற்றைப் பாதத்தில் தாங்கி நடக்கிறவரின் அந்தப் பாதம் மிகுந்த ஆபத்தில் இருக்கிறது என்பது உண்மை. ஆகவேதான் அதற்குக் காவல் இரட்டிப்பாக வேண்டும். எடுத்த காலின் தையலைப் பிரிக்கிற அன்றைக்கே மீதமுள்ள காலின் இரண்டு நாடியும் தொட்டுப் பார்க்கப்பட வேண்டும், இழை வைத்து உணர்ச்சி சோதிக்கப்பட வேண்டும், எம்.சி.ஆர். செருப்புக்கு அளவு எடுக்கப்பட வேண்டும், அடுத்த மாதம் எந்தத் தேதியில் வர வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதப்பட வேண்டும். அந்தச் சீட்டில் இவை இல்லையென்றால் வாங்கிக்கொண்டு வெளியே வராதீர்கள். எழுதித் தரும்வரை அங்கேயே உட்காருங்கள்.